அவிலாவின் தெரேசாவும் அவர் கைப் புத்தகமும்



நீங்கள் செபிப்பதற்கென்று முழந்தாளிட்டு ஐந்து நிமிடம் செல்லுமுன் மனம் சந்தைக்கும் வயலுக்கும் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கும் ஓடிவிடுகின்றதா? செப நேரம் எப்போது முடியும் என்று மணிக்கூட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்ததுண்டா? அப்படியானால் வெட்கப்பட வேண்டாம். ஸ்பெயின் நாட்டின் அவிலா நகரில், ஒரு கன்னியர் மடத்துச் சிற்றாலயத்தில், உங்களைப் போலவே ஒருவர் இருந்தார். மணிக்கூடு அடிக்கும் ஓசைக்குக் காது கொடுத்துக்கொண்டு, இந்த ஒரு மணி நேரம் விரைவில் கழியாதா என்று ஏங்கியபடி ஆண்டுக்கணக்காக அமர்ந்திருந்தார். செபத்தைப் பற்றித் திருச்சபைக்கே போதிக்கும் மறைவல்லுநராக 1970ஆம் ஆண்டு பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் உயர்த்தியது அவரைத்தான். இந்த உண்மையை மறைக்காமல் எழுதிவைத்தவரும் அவரே.

புனித தெரேசம்மாளின் காட்சிகளைப் பற்றியும் பரவசங்களைப் பற்றியும் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருப்பீர்கள். நாம் இங்கு சொல்ல வருவது வேறு. அவர் வாழ்க்கையின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு புத்தகம் நிற்கின்றது. அவரைக் கெடுக்கப் பார்த்த புத்தகமும் உண்டு, எழுப்பிவிட்ட புத்தகமும் உண்டு, அதிகாரிகள் பறித்த புத்தகமும் உண்டு.

தெரேசா 1515ஆம் ஆண்டு மார்ச் 28இல் பிறந்தார். தந்தை அலோன்சோ தே செப்பேதா கண்ணியமானவர். நல்ல நூல்களில் பிரியமுள்ளவர். பிள்ளைகளும் படிக்கவேண்டும் என்று தாய்மொழியில் அமைந்த பக்தி நூல்களை வீட்டில் வாங்கி வைத்திருந்தார். இந்தக் குடும்பத்துக்கு மறைக்கப்பட்ட ஒரு காயமும் இருந்தது. அலோன்சோவின் தந்தை தொலேதோ நகரில் துணி வியாபாரம் செய்தவர். யூத குலத்திலிருந்து கிறிஸ்தவரானவர். பழைய மதத்துக்கு இரகசியமாகத் திரும்பினார் என்ற காரணத்திற்காக 1485ஆம் ஆண்டு விசாரணைச் சபையார் அவரைத் தவக் கோலத்தில் தெருவழியே நடக்கவைத்தனர். பல நூற்றாண்டுகளாக மறைந்து கிடந்த இச்செய்தி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் பழைய ஏடுகளிலிருந்து வெளிவந்தது. பின்னால் விசாரணைச் சபை இதே குடும்பத்துப் பெண்ணின் புத்தகத்தைக் கேட்டு வரும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

சிறுமி தெரேசாவும் அண்ணன் ரொட்றிகோவும் புனிதர்களின் சரிதைகளைச் சேர்ந்திருந்து வாசிப்பார்கள். வேதசாட்சிகள் ஒரு வெட்டில் மோட்சத்தை வாங்கிவிட்டார்கள் என்று கண்டு, இது நல்ல வியாபாரமாக இருக்கின்றதே என்று பிள்ளைகள் எண்ணினர். மூர்களின் நாட்டுக்குப் போய்த் தலையைக் கொடுப்பது என்று தீர்மானித்து, ஏழு வயதளவில் இருவரும் வீட்டைவிட்டுப் புறப்பட்டார்கள். நகருக்கு வெளியே உறவினர் ஒருவர் கண்டு திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தார். சிரிப்புக்கிடமான கதைதான். ஆனால் அந்தச் சிறுமி வாசித்ததை வாசிப்போடு விடுகிறவள் அல்ல என்பது அன்றே தெரிந்தது.

அதே குணம் பிறகு எதிர்த்திசையிலும் வேலை செய்தது. தாயார் பெயாத்திரிஸ் அடிக்கடி நோய்வாய்ப்பட்டவர். வீரர்களும் அரக்கர்களும் அழகிய இளவரசிகளும் நிறைந்த வீரசாகசக் கதைகள் அக்காலத்தில் அச்சுக்கு வந்து நாடெங்கும் பரவியிருந்தன. தாயார் தம் நோவை மறக்க அவற்றை வாசித்தார். வீட்டுக் கடமைகளை அதனால் குறைக்கவில்லை. தந்தைக்கு அந்த நூல்கள் பிடிக்காது; ஆகவே தாயும் பிள்ளைகளும் அவருக்குத் தெரியாமல் ஒளித்து வாசித்தனர். தாயார் இறந்தபோது தெரேசாவுக்கு வயது பதின்மூன்று அளவு. அதன்பின் அந்தப் பழக்கம் அவரை முழுதாகப் பிடித்துக்கொண்டது. புதிய கதைப் புத்தகம் கையில் இல்லாவிட்டால் நிம்மதியில்லை. இரவும் பகலும் வாசிப்பு. கூடவே உடை, நறுமணம், கூந்தல், கைகளின் அழகு என்ற கவலைகள். அந்த ஆண்டுகளை அவர் பிற்காலத்தில் மிகுந்த மனவருத்தத்துடன் நினைவுகூர்ந்தார்.

இங்கே எமக்கு ஓர் எண்ணம் உண்டு. அந்தக் கதைகள் அவருக்கு முழு நட்டமாகவும் போகவில்லை. அறுபது வயது கடந்த பின் ஆன்மாவைப் பல மாளிகைகள் கொண்ட கோட்டையாக அவர் வருணித்தபோது, கோட்டைகளையும் வாயிற்காவலரையும் அரசர்களையும் சிறுவயதில் எங்கே சந்தித்தார் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

1531ஆம் ஆண்டு தந்தையார் அவரை அகுஸ்தினார் சபைக் கன்னியரின் மடத்தில் தங்கிப் படிக்கவிட்டார். அங்கே மனம் மெல்ல மாறத் தொடங்கியது; உடல் நோயுற்றது. தேறுவதற்காக மூத்த சகோதரி மரியாவின் கிராமத்துக்குப் போகும் வழியில், தந்தையின் உடன்பிறந்தவரான பேதுருவின் வீட்டில் சில நாள் தங்கினார். மனைவியை இழந்து தனித்து வாழ்ந்த அந்த மனிதருக்கு ஞானவாசகமே துணை. வந்த மருமகளைப் புத்தகத்தை எடுத்து உரத்து வாசிக்கும்படி கேட்டார். தெரேசாவுக்கு அந்த நூல்களில் ருசியில்லை. பெரியவர் மனம் நோகக்கூடாதே என்று ருசியிருப்பதுபோல் காட்டிக்கொண்டு வாசித்தார். வாசகரே, பக்தி நூலை ஆசையோடு எடுப்பவர்களுக்குத்தான் பலன் உண்டு என்று நாம் நினைக்கின்றோம். பெரிய புனிதை ஒருவரின் ஞானவாசகம் மரியாதைக்காகப் போட்ட ஒரு வேடத்தில் தொடங்கியிருக்கின்றது!

புனித ஜெரோமின் கடிதங்கள் அதற்குப் பின் அவர் கைக்கு வந்தன. மடத்தில் சேரவேண்டும் என்று தந்தையிடம் சொல்லும் துணிவை அந்நூல் கொடுத்தது. தந்தை இசையவில்லை, நான் இறந்தபின் உன் விருப்பம்போல் செய் என்ற அளவுக்கே இறங்கினார். 1535ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் விடியற்காலையில், இருபது வயதில், தெரேசா வீட்டைவிட்டு வெளியேறி அவிலாவின் மனிதாவதாரக் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். தந்தையைப் பிரிந்த அந்த நேரத்தில் எலும்புகள் ஒவ்வொன்றாகக் கழல்வதுபோல் இருந்ததாம்.

வார்த்தைப்பாடு கொடுத்த சில காலத்துக்குள் கடும் நோய் கண்டது. பெசேதாஸ் என்ற ஊரில் ஒரு நாட்டு வைத்தியப் பெண் இருந்தாள். அவளிடம் போகும் வழியில் பேதுருவின் வீட்டில் மீண்டும் தங்கியபோது, அவர் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார்: பிரான்சிஸ்கன் துறவி பிரான்சிஸ்கோ தே ஒசூனா 1527இல் வெளியிட்ட மூன்றாவது ஆன்மீக அரிச்சுவடி. மனத்தை உள்ளே திருப்பி அமைதியில் இறைவனோடு இருப்பது எப்படி என்று கற்பிக்கும் நூல் அது. தெரேசா அதையே குருவாக வைத்துக்கொண்டார். தம் நிலையைப் புரிந்துகொள்ளும் ஆன்ம குரு இருபது ஆண்டுகள் தேடியும் கிடைக்கவில்லை. அந்தக் குறையை அச்சிட்ட தாள் நிரப்பியது. அவருடைய பிரதி என்று போற்றப்படும் நூல் அவிலாவில் இன்றும் உண்டு. ஓரங்களில் சிலுவை அடையாளங்களும், இருதய வடிவங்களும், வரியைச் சுட்டும் சிறு கைகளும் வரையப்பட்டுள்ளன. பென்சில் பிடித்து வாசிக்கும் வாசகர் எவரும் அந்தப் பக்கங்களைக் கண்டால் மகிழ்வர்.

வைத்தியப் பெண்ணின் பேதி மருந்துகள் அவரை ஏறக்குறையக் கொன்றுவிட்டன. 1539ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், தேவதாயின் விண்ணேற்புத் திருநாள் இரவில், நினைவிழந்தார். நான்கு நாட்கள் அசைவில்லை. மடத்தில் குழி வெட்டியாயிற்று. கண்ணிமைகளில் மெழுகு சொட்டியிருந்தது. மகள் சாகவில்லை என்று தந்தை பிடிவாதமாக நின்றதாலேயே அடக்கம் தடைபட்டது. கண்விழித்தபோது வலது கையில் ஒரு விரலைத் தவிர வேறெதையும் அசைக்க முடியவில்லை. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் முடக்கம். கைகளாலும் முழங்கால்களாலும் தவழ முடிந்த நாளில் இறைவனுக்கு நன்றி சொன்னார். யோபு ஆகமத்துக்குப் புனித கிரகோரியார் எழுதிய விளக்கத்தை அவர் முன்னரே வாசித்திருந்தார். அந்த ஆண்டுகளின் பொறுமைக்கு அதுவே பெருந்துணையானது. தாம் எழுந்து நடந்ததைப் புனித சூசையப்பரின் மன்றாட்டு என்றே இறுதிவரை நம்பினார்.

இனி வருவதுதான் எமக்கு மிக அருமையான பகுதி. செபத்தில் மனத்தை ஒருமுகப்படுத்தும் கற்பனைத் திறன் தமக்கு இல்லை என்பதைத் தெரேசா கண்டுகொண்டார். கண்ணை மூடினால் ஆண்டவரின் உருவம் வராது, எண்ணங்களே படையெடுக்கும். ஆகவே பதினெட்டு ஆண்டுகள், நற்கருணை வாங்கிய நேரம் தவிர, கையில் புத்தகமில்லாமல் செபத்துக்குப் போக அவர் துணியவில்லை. போர்வீரனுக்குக் கேடயம் எப்படியோ அப்படி அந்தப் புத்தகம். எப்போதும் அதை வாசித்தார் என்பதுமில்லை. சில நாள் சில வரிகள், சில நாள் பல பக்கங்கள். பல நாட்களில் புத்தகத்தைத் திறந்து வைத்ததே போதுமாக இருந்தது, மனம் அடங்கிவிடும். புத்தகம் இல்லாத வேளைகளில் வயலையும் நீரையும் பூக்களையும் பார்த்து அதே பயனைப் பெற்றார்.

இத்தனை பக்கம் முடிக்கவேண்டும் என்ற கணக்கு அவரிடம் இல்லை என்பதைக் கவனியுங்கள். வாசிப்பது ஒரு கதவு. திறந்தபின் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியதில்லை. தவக்காலத்தில் ஒரு நூலை எடுத்து, நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் என்று ஓடி ஓடி முடித்துவிட்டு, உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாமல் விழித்த அனுபவம் இதை எழுதுகின்றவனுக்கு உண்டு.

ஆனாலும் புத்தகம் மட்டும் ஒருவரைக் காப்பாற்றிவிடாது. தெரேசாவின் கதையில் இது மிகவும் வேதனையான இடம். தம் தந்தைக்குச் செபத்தைக் கற்றுக்கொடுத்தவர் அவரே. நல்ல நூல்களைத் தேடிக் கொடுத்தவரும் அவரே. தந்தை சில ஆண்டுகளில் மிக முன்னேறினார். மகளோ மடத்து வரவேற்பறையில் விருந்தினரோடு பேசிப் பொழுதுபோக்கும் வழக்கத்துக்குள் விழுந்து, ஆண்டவர் முன் நிற்கக் கூச்சப்பட்டு, தனிச் செபத்தையே விட்டுவிட்டார். தந்தை வந்து ஆசையோடு செபத்தைப் பற்றிப் பேசும்போது, நோய் காரணமாக முடிவதில்லை என்று சொல்லித் தப்பினார். அவர் அதை நம்பி மகளுக்காக இரங்கினார். 1543இல் அந்த நல்ல மனிதர் இறந்தார். அவருக்கு மரணவேளையில் துணைநின்ற தொமினிக்கன் சபைக் குருவே தெரேசாவைத் தட்டியெழுப்பி மீண்டும் செபத்துக்குத் திருப்பினார்.

அதன்பின்னும் பத்தாண்டு போல இழுபறிதான். முப்பத்தொன்பதாம் வயதில், 1554ஆம் ஆண்டளவில், இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நேர்ந்தன. ஒரு திருநாளுக்காக மடத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்த, காயங்களால் நிறைந்த கிறிஸ்துவின் சுரூபத்தைக் கண்டு அதன்முன் விழுந்து அழுதார். அதே காலத்தில் புனித அகுஸ்தினாரின் பாவசங்கீர்த்தனங்கள் என்ற நூல் அவர் கைக்கு வந்தது. அந்நூல் ஸ்பானிய மொழியில் சலமன்காவில் அச்சானது அவ்வாண்டிலேதான். பாவியாயிருந்து புனிதரானவர் என்பதால் அகுஸ்தினார்மேல் அவருக்கு முன்பே தனிப் பாசம். தோட்டத்தில் அகுஸ்தினார் குரல் கேட்டு மனந்திரும்பும் இடத்தை வாசித்தபோது, அந்தக் குரல் தம்மைத்தான் அழைக்கின்றது என்று உணர்ந்தார். நெடுநேரம் கண்ணீரில் கரைந்தார். தாய்மொழியில் அந்த மொழிபெயர்ப்பு சில ஆண்டுகள் பிந்தியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எமக்குச் சில வேளை தோன்றுவதுண்டு.

இதன்பின் செபத்தில் அசாதாரண வரங்கள் வரத் தொடங்கின. தமக்குள் நடப்பதைச் சொல்ல அவரிடம் வார்த்தைகள் இல்லை. ஆகவே பெர்நார்தினோ தே லாறெதோ என்ற பிரான்சிஸ்கன் சகோதரர் எழுதிய சீயோன் மலை ஏற்றம் என்ற நூலில் தம் நிலையைக் காட்டும் வரிகளின் கீழ்க் கோடிட்டு, அவிலாவில் மதிப்புப்பெற்ற இருவரிடம் கொடுத்தார். ஒருவர் குரு, மற்றவர் பக்தியுள்ள குடும்பத்தலைவர். இருவரும் படித்து, ஆராய்ந்து, இது பசாசின் வேலை என்று முடிவு சொன்னார்கள்! அவர் பட்ட துயரத்தைச் சொல்லவேண்டியதில்லை. அவிலாவுக்குப் புதிதாக வந்திருந்த இயேசு சபைக் குருமாரே அவரைத் தேற்றி, இது இறைவனின் செயல் என்று உறுதிப்படுத்தினர்.

1559ஆம் ஆண்டு பெரிய அடி விழுந்தது. லுத்தரின் கொள்கை ஸ்பெயினுக்குள் நுழைந்துவிடும் என்ற அச்சத்தில், தலைமை விசாரணையாளர் பெர்நாந்தோ தே வால்தேஸ் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். வேதாகமத்தின் தாய்மொழிப் பெயர்ப்புகளோடு, பல நல்ல கத்தோலிக்க பக்தி நூல்களும் அதில் அகப்பட்டன. அவிலாவின் யோவான், லூயிஸ் தே கிறனாதா போன்றோரின் நூல்களும் தப்பவில்லை. இலத்தீன் தெரிந்த குருமாருக்கு இது பெரிய இழப்பல்ல. இலத்தீன் தெரியாத பெண்களுக்கோ சோற்றுப் பானையை எடுத்ததுபோல் ஆயிற்று. தெரேசா கீழ்ப்படிந்தார், ஆனால் துயரத்தை மறைக்கவில்லை. அப்போது ஆண்டவர், கவலைப்படாதே, உயிருள்ள நூலாக நானே வருவேன் என்ற பொருள்பட அவர் உள்ளத்தில் பேசினார். அதன்பின் நூல்களின் தேவை தமக்கு வெகுவாகக் குறைந்தது என்று தெரேசா சாட்சி கூறுகின்றார்.

இதைக் கேட்டு, அப்படியானால் புத்தகம் வேண்டாமா என்று கேட்பீர்கள். அவர் செய்ததைப் பாருங்கள். 1562ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24இல் புனித சூசையப்பர் பெயரால் சிறிய மடமொன்றை நான்கு பெண்களோடு தொடங்கினார். அவர் வகுத்த ஒழுங்கில் புத்தகங்களுக்குத் தனி இடம் உண்டு. மடத்தில் நல்ல நூல்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது தலைவியின் கடமை. உடலுக்கு உணவு எப்படியோ ஆன்மாவுக்கு இது அப்படி என்பது அவர் கூறிய காரணம். எவை என்று பெயரும் குறிப்பிட்டார். கர்த்தூசியன் துறவி லுதோல்ப் எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கை அவற்றில் ஒன்று. 1521இல் கால் உடைந்து கிடந்த புனித இஞ்ஞாசியாரை மனந்திருப்பிய நூல்களில் அதுவும் ஒன்று. புனிதர் சரிதை மற்றொன்று. நம் முன்னோர் கிறிஸ்துநாதர் அனுசாரம் என்ற பெயரில் தமிழில் வாசித்துவந்த அந்தச் சிறு நூலும் அப்பட்டியலில் உண்டு.

நூல்கள் குறைந்துபோன சகோதரிகளுக்காக அவரே எழுதத் தொடங்கினார். நிறைவின் வழி என்ற நூலில், கர்த்தர் கற்பித்த செபத்தை ஒவ்வொரு சொல்லாக நின்று தியானிக்கக் கற்றுக்கொடுத்தார். எந்தப் புத்தகத்தைப் பறித்தாலும் இந்தப் புத்தகத்தை எவராலும் பறிக்கமுடியாது என்ற கருத்தை முதல் பிரதியில் சற்றுக் காரமாகவே எழுதிவிட்டார். பார்வையிட்ட குரு, இது விசாரணைச் சபையாரைக் கண்டிப்பதுபோல் இருக்கின்றதே என்று ஓரத்தில் குறித்துவைத்தார். இரண்டாம் பிரதியில் அந்த வரிகள் இல்லை.

ஆன்ம குருமாரின் கட்டளைப்படி எழுதிய அவருடைய சுயசரிதை, 1565இல் நிறைவு பெற்றது, இன்னும் பெரிய சோதனைக்கு உள்ளானது. எபோலி இளவரசி அதைப் பிடிவாதமாக வாங்கி, தம் வீட்டு வேலையாட்கள்வரை வாசித்துச் சிரிக்கவிட்டு, பின் மடத்தாரோடு மனத்தாங்கல் ஏற்பட்டதும் விசாரணைச் சபையில் முறையிட்டார். பாட்டனைத் தெருவில் நடத்திய அதே சபை, பேத்தியின் புத்தகத்தைக் கேட்டு வாங்கியது. 1575இல் ஆராய்ந்த தொமினிக்கன் அறிஞர் நல்ல தீர்ப்பே அளித்தார். எனினும் ஏடு திரும்பி வரவில்லை. அது கையில் இல்லாததால் வேறொன்று எழுதுங்கள் என்று தலைவர் பணித்தார். தலைக்குள் ஓயாத இரைச்சலோடு 1577 ஜூன் 2இல் தொடங்கி நவம்பர் 29இல் முடித்த அந்த நூலே ஆன்மக் கோட்டை. உன்னத சங்கீதத்தைப் பற்றி எழுதிய சிறு நூலை எரித்துவிடுங்கள் என்று ஒரு குரு சொன்னபோது மறுபேச்சின்றி நெருப்பில் போட்டார். வேறெங்கோ பிரதி எடுத்து வைத்திருந்தவர்களால் அது தப்பியது. புத்தகத்தை இவ்வளவு நேசித்தவர் தம் புத்தகத்தை இவ்வளவு எளிதில் விட்டது எமக்கு இன்றும் வியப்பாகவே இருக்கின்றது.

பதினேழு மடங்களை நிறுவி, மாட்டு வண்டியிலும் மழையிலும் அலைந்து, 1582ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் நாள் இரவு அல்பா தே தோர்மெசில் இறந்தார். நாட்காட்டி திருத்தப்பட்டதால் மறுநாள் 15ஆம் திகதி ஆயிற்று; அவர் திருநாள் அன்று வருவது அதனாலேயே. சுயசரிதை அச்சானது 1588இல். அச்சுக்குச் செப்பனிட்டவர் லூயிஸ் தே லெயோன். உன்னத சங்கீதத்தைத் தாய்மொழியில் பெயர்த்தது முதலிய குற்றச்சாட்டுகளால் விசாரணைச் சபையின் சிறையில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர் அவர்.

அந்தப் புத்தகம் பிறகு எங்கெங்கே போயிற்று என்பதற்கு ஒரே ஒரு செய்தி. 1921ஆம் ஆண்டு கோடை. ஜேர்மனியின் பேர்க்சாபேர்ன் என்ற ஊரில், நண்பர் வீடொன்றில் தங்கியிருந்த எடித் ஸ்ரைன் என்ற யூதப் பெண், மெய்யியல் படித்தவர், கடவுள் நம்பிக்கையை இளவயதிலேயே விட்டவர், புத்தகத் தட்டிலிருந்து தெரேசாவின் சுயசரிதையை எடுத்தார். முடிக்கும்வரை கீழே வைக்கவில்லை என்பர். 1922 ஜனவரி முதல் நாள் ஞானஸ்நானம் பெற்றார். 1933இல் கார்மேல் மடத்தில் சேர்ந்து தெரேசாவின் பெயரையே எடுத்துக்கொண்டார். 1942 ஓகஸ்ட் 9இல் அவுஷ்விற்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். 1998இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அந்த நூலை மூடிய பின் அவர் முதலில் செய்தது என்ன என்று அவர் சரிதையை எழுதியவர்கள் குறித்திருக்கின்றார்கள். கடைக்குப் போய் இரண்டு புத்தகங்கள் வாங்கினார்: ஒன்று ஞானோபதேசம், மற்றது பூசைப் புத்தகம்.